எண்ணெய் பூசிய கல்லில் துரு

இன்று காலை தோசைக்கல்லை எடுத்தபோது மூக்கில் ஏறிய துரு வாடை, செம்பரம்பாக்கம் ஏரிக்கரையில் இப்போது கிடங்குகள் நிற்கும் இடத்தில் இருந்த எங்கள் ஓட்டு வீட்டுக்குள் என்னைக் கொண்டுபோய் விட்டது. அம்மா தினமும் சூடு ஆறுவதற்குள் கல்லில் எண்ணெய் பூசி ஆணியில் மாட்டுவாள். அப்படியும் விடிவதற்குள் அது செம்மண் நிறத்தில் பூத்துவிட்டால், ஏரி நிறைந்து ஈரம் சுவருக்குள் ஏறிவிட்டது என்று அர்த்தம்.

"கல்லு துரு புடிச்சிகினு கீது, அரிசி மூட்டைய பரண்ல ஏத்துயா," என்பாள் அப்பாவிடம். வெயில் அடித்தாலும் அவர் ஏற்றுவார். இரண்டொரு நாளில் அடுப்படியில் தண்ணீர் நிற்கும்.

நேற்று நானே தேய்த்து எண்ணெய் பூசி வைத்த அதே கல்தான் இது. வெளியே நல்ல வெயில். ஏரியை ஒட்டிக் கட்டிய இந்தத் தரைத்தள வீட்டில் பரண் இல்லை.