ஓம் சொன்னால் பாடும் போன்

சாய்ந்தமருது லைலாவுக்கு நாலு வயதில் சின்னமுத்துக் காய்ச்சல் வந்து கண்பார்வையைக் கொண்டுபோனது. இப்போது வயது நாற்பத்தொன்று. இடைப்பட்ட முப்பத்தேழு வருடங்களில் அவளுக்கு ஒரு குறையும் வைக்கவில்லை என்று தம்பி அஸீம் பெருமையாகச் சொல்வான். அது உண்மைதான். ஒன்றையும் அவளிடம் கேட்டுச் செய்ததுமில்லை. பெருநாளைக்கு என்ன நிறத்தில் துணி, டொக்டரிடம் எங்கே நோவு என்று சொல்வது, சோற்றுக்கு எந்த மீன்துண்டு, எல்லாவற்றையும் அவனும் பெண்சாதி றிப்னாவும் முடிவுசெய்வார்கள். மீனில் எப்போதும் நடுத்துண்டுதான், அதுவும் முள் எடுத்துப் பிசைந்தது. மீன் தலையில் முள் கிடக்கும், குத்திவிடும் என்பார்கள். சமையலறையில் பாரைமீன் தலையை மற்றவர்கள் உறிஞ்சும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே அவள் நடுத்துண்டைத் தின்பாள்.

வேலை என்று பார்த்தால், மருதமுனையிலிருந்து வரும் நெசவுச் சால்வைகளின் ஓரத்து நூல் தொங்கலை முடிச்சுப் போட்டுக் கொடுப்பாள். சந்தோசம் என்று பார்த்தால் கிரிக்கெட். முன்பு ரேடியோவில் நேர்முக வர்ணனை வந்தது. பிறகு வீட்டுக்குப் பெரிய டீவி வந்து ரேடியோவை மூலைக்குத் தள்ளியது. டீவியில் மெட்ச் பார்ப்பவர்கள் "அல்லாஹ்வே!" என்று தலையில் அடித்துக்கொள்வார்கள். "என்ன, என்ன?" என்று லைலா கேட்பாள். விளம்பரம் முடிந்து அடுத்த ஓவர் தொடங்கியபிறகு யாருக்காவது இரக்கம் வந்தால், "அவுட்" என்று ஒரு சொல் விழும். யார் அவுட் என்று கேட்க அடுத்த விளம்பரம்வரை காத்திருக்க வேண்டும்.

இந்த நிலையில்தான் ஓர் அமைப்பு விழிப்புலனற்றோருக்குக் கதைக்கிற போன் கொடுக்கிறது என்று தகவல் வந்தது. பயிற்சி கல்முனையில், ஒரு கட்டடத்தின் மூன்றாம் மாடியில். லிஃப்ட் கிடையாது. சக்கர நாற்காலியில் வந்த இரண்டு பேர் கீழே நின்று, மேலே போனவர்களின் செருப்பைப் பார்த்துக்கொண்டார்கள். மேலே போனால் நெட் இல்லை. ஆகவே பயிற்சியாளர் வினோஜ், மட்டக்களப்புப் பொடியன், எல்லாரையும் போன் கதைக்கிறதாக நினைத்துக்கொண்டு பழகச் சொன்னான்.

"தமிழ் நல்லா விளங்குமா தம்பி?" லைலா கேட்டாள்.

"நம்மளவிட நல்லா விளங்கும் அக்கா."

"எந்தத் தமிழ்?"

வினோஜ் சிரித்தான். அந்தக் கேள்வியின் அருமை அவனுக்கும் பிறகுதான் விளங்கியிருக்கும்.

போகும்போது எல்லார் கையிலும் போனோடு ஒரு நிபந்தனையும் கொடுத்தார்கள். மூன்று மாதம் கழித்து அதிகாரி வீட்டுக்கு வருவார். போனைப் பயனுள்ள முறையில் பாவிக்காதவர்களிடமிருந்து அது திரும்ப எடுக்கப்படும். பயனுள்ள முறை என்றால் கல்வி, தொழில், சுகாதாரம், சமயம். படிவத்தில் கட்டங்கள் இவ்வளவுதான். கண் தெரியாதவர்களுக்கும் பொழுது போகவேண்டும் என்பது படிவம் எழுதியவருக்குத் தோன்றவில்லை. அவருக்கு நல்லபடியாகப் பொழுது போயிருக்கும்.

வீட்டுக்கு வந்து, மகுரிபுத் தொழுகைக்குச் சற்று முன்னால், லைலா போனைத் திறந்தாள். உள்ளே ஒரு பெண் சென்னைச் செய்தி வாசிப்பவரின் குரலில் கேட்டாள்: "ஒலியை அதிகரிக்கவா?"

லைலாவுக்கு, கேட்டது தன்னைத்தான் என்று விளங்கச் சற்று நேரம் எடுத்தது. பிறகு ஆசையாக, "ஓம்" என்றாள்.

"ஓம் பாடல்களை இயக்குகிறேன்," என்றாள் அந்தப் பெண். மத்தளமும் மணியுமாக, கோயில் திருவிழாவின் முழுச் சத்தத்தோடு "ஓம்… ஓம்…" கிளம்பியது. அதே நேரம் பள்ளிவாசலில் பாங்கு. வேலிக்கு அப்பாலிருந்து பக்கத்து வீட்டு நாச்சியா, "றிப்னா, என்னகா உங்கட வீட்ட?" என்று கூப்பிட்டாள். அஸீம் ஓடிவந்து "நிப்பாட்டு! நிப்பாட்டு!" என்று போனிடம் கத்தினான். சென்னைப் பெண்ணுக்கு நிப்பாட்டு என்றால் தெரியாது. கடைசியில் அதைத் தலையணைக்கடியில் அமத்தி வைத்தார்கள்.

கதைக்கிற போனுக்குக் கதைக்கிறது என்ற சொல்லும் தெரியாது. மறுநாள் லைலா, "அஸீமோட கதைக்கணும்," என்றதற்கு, "கதைகளைத் தேடுகிறேன். ஒரு ஊரில் ஒரு ராஜா இருந்தார்," என்று தொடங்கியது. ராஜாவின் மூன்று பெண்மக்களுக்கும் கல்யாணம் முடிந்தபிறகுதான் கல்முனை பஸாரில் துணிக்கடையிலிருந்த தம்பிக்கு அழைப்பு எடுக்க முடிந்தது.

ஆனால் லைலா விடவில்லை. முடிச்சுப் போட்டுப் பழகிய கைக்குப் பொறுமை இருந்தது. 'ஓம்' இல்லை 'ஆம்'. 'நிப்பாட்டு' இல்லை 'நிறுத்து'. 'கதைக்கணும்' இல்லை 'பேச வேண்டும்'. அவளுக்கு உதவ வந்த போனுக்கு அவளே ஒத்தாசை செய்தாள். ஒரே மாதத்தில் போனில் மெட்ச் வர்ணனை கேட்கத் தொடங்கினாள்; ஸ்கோர் என்ன என்று அவளைக் கேட்டு வீடு டீவி பார்த்தது. மீன்காரன் பாரை வேணுமா என்று கூவினால் "ஆம்" என்று வாய் தவறிச் சொல்லிவிடுவாள். "என்ன லைலா, இந்தியாவுக்குப் போயிற்று வந்தயா?" என்று அவன் சிரிப்பான்.

அவள் அதைக் கையைவிட்டு இறக்காததற்குக் கிரிக்கெட் மட்டும் காரணமில்லை. அந்தப் பெண் எதையும் கேட்காமல் செய்யமாட்டாள். அழைக்கவா? அழிக்கவா? மீண்டும் வாசிக்கவா? ஆம் அல்லது இல்லை என்று சொல்லுங்கள். சில நாள் லைலா தேவையில்லாமலே ஏதாவது தொடங்கி, அவள் கேட்டதும், "இல்லை" என்று சொல்லிப் பார்ப்பாள். இல்லை என்றால் இல்லைதான். அதில் ஒரு ருசி இருந்தது.

மூன்று மாதம் முடிந்து அதிகாரி சுஹறா, ஒரு படப்பிடிப்பாளரோடு வந்தார். "கிரிக்கெட் எண்டு வாய் திறந்திராதீங்க ராத்தா," என்று அஸீம் முதலே சொல்லி வைத்திருந்தான். "மார்க்கப் பயான் கேக்கிற எண்டு நான் சொல்றன்."

போன், கேட்கத் தயாராக, மேசையில் வைக்கப்பட்டது. லைலா இரண்டடி தள்ளி உட்கார்ந்திருந்தாள். சுஹறா அஸீமைப் பார்த்துக் கேட்டார்: "இவ போன் பாவிக்கிறாவா?"

"ஓம்," என்றான் அஸீம்.

மேசையில் மணி அடித்தது, மத்தளம் முழங்கியது. றிப்னா தலையணையோடு ஓடிவந்தாள். அஸீம் "நிப்பாட்டு!" என்றான். லைலா அசையாமல், "நிறுத்து," என்றாள். சத்தம் நின்றது.

"மீண்டும் இயக்கவா?"

"இல்லை."

"மாஷா அல்லாஹ், நல்லாப் பழகியிருக்கா," என்று சுஹறா அஸீமிடம் சொன்னார். "ஆனா இன்னும் இருவது பேர் காத்திருக்காங்க. இவவுக்கு இது கட்டாயம் தேவையா?"

அஸீமுக்கு வெட்கத்தில் வேர்த்திருந்தது. போதாக்குறைக்குப் படப்பிடிப்பாளர் அதைப் படமும் எடுத்திருந்தார். "தேவல்ல மேடம்," என்றான். "எடுத்திற்றுப் போங்க. ராத்தாவுக்கு ரேடியோ ஒண்டே காணும்."

லைலா குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினாள். "ஆம்!" என்றாள் பலமாக. "ஆம்! தேவை!"

எல்லாரும் மேசையிலிருந்த போனைப் பார்த்தார்கள். அது என்ன செய்யப் போகிறது என்று காத்திருந்தார்கள். "போனோட கதைக்கிறா," என்று அஸீம் விளக்கம் சொன்னான்.

லைலாவுக்கு அப்போது வந்த கோபம் நாற்பது வருடத்துக் கோபம். எழும்பி நின்றாள். "ஓம்!" என்றாள். "எனக்கு வேணும்! நான் உங்களோடதான் கதைக்கிறன்!"

மத்தளம் தொடங்கியது. இந்த முறை அவள் நிறுத்தவில்லை. அதற்கு மேலால் கத்தினாள்: "பயான் கேக்கல்ல. கிரிக்கெட் கேக்கிறன். ஆர் அவுட் எண்டு நான் ஆரிட்டயும் கெஞ்சத் தேவல்ல. அதுக்குத்தான் வேணும்!"

சுஹறா முதல் தடவையாக அவள் பக்கம் திரும்பினார். படிவத்தைப் புரட்டினார். "கிரிக்கெட்டுக்குக் கட்டம் இல்லையே," என்றார் பாவமாக.

படப்பிடிப்பாளர் எட்டிப் பார்த்தார். முக்காடு போட்ட பெண், பின்னால் ஓம் பாட்டு. "மேடம், கடைசிப் பக்கத்தில புதுசா ஒண்டு சேத்திருக்கு. இன நல்லிணக்கம்."

அந்தக் கட்டத்தில் சரி போட்டு, போனை விட்டுவிட்டுப் போனார்கள். பாட்டுக் கேட்டு நல்லிணக்கம் வளர்த்த பயனாளி என்று பிறகு லைலாவின் படம் ஒரு பளபளப்பான புத்தகத்தில் வந்தது. அன்று அவளே அந்தப் பாட்டை ஒரு தடவை நிறுத்தியது அதில் இல்லை.

அவர்கள் போனபிறகு வீட்டில் எல்லாரும் பகல் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தார்கள். றிப்னா கறிச்சட்டிக்குள் அகப்பையை விட்டாள். வழக்கமாக உடனே லைலாவின் சோற்றுக் கோப்பையில் விழும் துண்டு விழவில்லை. அகப்பை சட்டிக்குள்ளேயே நின்றது.

"மதினி," என்றாள் தயங்கி. "நடுத்துண்டு வைக்கவா, தலை வைக்கவா?"

லைலாவின் மடியிலிருந்த போன் முந்திக்கொண்டது. "மன்னிக்கவும், எனக்குப் புரியவில்லை. மீண்டும் சொல்லுங்கள்."

"உன்னிட்டக் கேக்கல்ல," என்றாள் லைலா. "என்னிட்டக் கேட்டது. தலை."