தாவ் அக்கா காத்த இடது கை

தாவ் அக்காவின் இடது கையை யாரும் தொட்டுவிட முடியாது. தோங்ஷிக் கடற்கரையில் நாங்கள் சிப்பி உடைக்கும் கொட்டகைக்கு வந்து யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். கடலம்மன் கோயில் திருவிழாவில் இலவசமாக பிரஷர் பார்க்க வந்த நர்ஸ் ஒருத்தி தெரியாமல் அந்தக் கையைப் பிடித்துவிட்டாள். "ஏய் பொண்ணே, எடு கையை! வலது கைன்னு ஒண்ணு தொங்குதுல்ல, அதுல பாரு!" என்று அக்கா போட்ட சத்தத்தில் மேளக்காரர்களே அடிப்பதை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு மானம் போயிற்று.

முழுப் பெயர் ட்சாய் சுன்-தாவ். கொட்டகையில் எனக்கு அடுத்த முக்காலி அவளுடையது. பள்ளிக்கூடம் போன நாட்களைவிடச் சிப்பிக் குவியலுக்கு முன்னால் உட்கார்ந்த நாட்கள்தான் அவளுக்கு அதிகம். இடது கையில் நூல் உறை மாட்டிச் சிப்பி ஓட்டைப் பிடிப்பாள். வலது கையில் குட்டைக் கத்தி. ஒரு குத்து, ஒரு திருகு, சதை வாளியில் விழும். நான் கதை பேசிக்கொண்டு ஒரு வாளி நிரப்புவதற்குள் அவள் அடுத்த வாளியை இழுத்து வைத்திருப்பாள். "பேச்சுக்குக் கூலின்னா குவெய் இந்நேரம் மாடி வீடு கட்டியிருப்பா" என்று என்னைக் குத்திக் காட்டாத நாள் கிடையாது. புருஷன் ஈரல் கெட்டுப் போய்ச் சேர்ந்தபோதும் காரியம் முடிந்த கையோடு வந்து முக்காலியில் உட்கார்ந்துவிட்டாள். வீட்டில் உட்கார்ந்தால் செத்துவிடுவேன் என்றாள். அது உண்மைதான்.

அந்த வேலைதான் அவளுடைய சிறுநீரகத்தையும் தின்றது. கைவலிக்கு எங்கள் பக்கம் எல்லாரும் பொட்டலத் தூள் வாங்கிப் போடுவோம். அவள் அதைச் சோறு மாதிரி சாப்பிட்டாள். கால் வீங்கி ஜியாயி ஊருக்குப் போனபோது சிறுநீரக டாக்டர் உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டார். என்றைக்காவது ரத்தத்தைச் சுத்தம் செய்ய மிஷினில் படுக்கத்தான் வேண்டும். அதற்குக் கையில் ஒரு சின்ன ஆபரேஷன் செய்து ரத்தக்குழாய்களை இணைக்க வேண்டும். "இடது கையில பண்ணிடலாம்மா. அதைப் பத்திரமா வச்சுக்குங்க. ஊசி, ரத்தம் எடுக்கறது, பிரஷர் எல்லாம் வலது கையிலதான். உங்க கத்திக் கையை நாங்க தொட மாட்டோம்" என்றார்.

அந்தக் கடைசி வார்த்தையைத்தான் அக்கா பிடித்துக்கொண்டாள். மிஷினுக்கு இடது கை, கத்திக்கு வலது கை. மந்திரம் மாதிரி சொல்லித் திரிந்தாள். கோயிலில் சிவப்புக் கயிறு வாங்கி இடது மணிக்கட்டில் கட்டினாள். அந்தக் கையால் கூடை தூக்க மாட்டாள், பை மாட்ட மாட்டாள். ரப்பர் பந்து ஒன்று வாங்கி, டிவி பார்க்கும்போதெல்லாம் பிசைந்துகொண்டே இருப்பாள்.

ஆனால் பெரிய பாட்டில் மட்டும் அந்தக் கையில்தான் ஏறியது.

பெரிய பாட்டில் இல்லாமல் எங்கள் ஊர் இல்லை. உடம்பு ஓய்ந்துபோனால் கிளினிக்குக்குப் போய்ப் படுத்து, ஒரு பாட்டில் சத்து மருந்து ஏற்றிக்கொண்டு எழுந்து வருவோம். அதை ஊசி என்று எங்களில் ஒருத்தியும் நினைத்தது கிடையாது. ஊசி நோய்க்கு, பாட்டில் தெம்புக்கு. கோழி ரசம் குடிப்பது போலத்தான். அக்காவின் மகள் பெய்-ரோங் தைப்பேயில் ஒரு பெரிய கடையில் செருப்பு விற்கிறாள். புத்தாண்டு, கல்லறைத் திருநாள், நிலாத் திருநாள் என்று எதற்கு ஊருக்கு வந்தாலும் அம்மாவைக் கூட்டிக்கொண்டுபோய் ஒரு பாட்டில் ஏற்றிவிட்டுத்தான் திரும்புவாள். ஏற்றிய கை மறுநாள் கனக்கும். அந்தக் கனத்தோடு கத்தி பிடிக்க முடியுமா? அதனால் அக்கா எப்போதும் இடது கையைத்தான் நீட்டுவாள்.

இந்த வருஷம் வெயில் தொடங்கியதும், இனித் தள்ளிப்போட முடியாது, ஆபரேஷனுக்கு முன்னால் கையை ஸ்கேன் எடுக்க வேண்டும் என்றார்கள். பெய்-ரோங்குக்கு லீவு கிடைக்காததால் நான் துணைக்குப் போனேன். அக்கா இடது கையைச் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவி, புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்தாள். பஸ்ஸில் என் பக்கத்தில் கல்யாண வீட்டுக்குப் போகிறவள் மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

ஸ்கேன் எடுத்தது ஹுவாங் என்று ஒரு பெண். அக்காவின் மேல்கையில் ரப்பர் பட்டியைக் கட்டி, வழவழப்பான களிம்பைத் தடவி, கருவியை மணிக்கட்டிலிருந்து மேலே நகர்த்தினாள். திரையில் சின்னச் சின்ன வட்டங்கள் வந்தன.

"நல்ல நரம்புன்னா, நான் அழுத்தினா தட்டையாகி மூடிக்கும்மா. விட்டா திறந்துக்கும்" என்று சொல்லிக்கொண்டே அழுத்தினாள்.

வட்டம் மூடவில்லை. இன்னும் கொஞ்சம் மேலே போய் அழுத்தினாள். அங்கும் மூடவில்லை. முழங்கையைத் தாண்டி, தோள் வரைக்கும் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்ப வந்தாள். அவள் முகம் மாறியது எனக்கே தெரிந்தது.

"இந்தக் கையில நிறைய ஏத்தியிருக்கீங்களாம்மா?"

"ஊசியா? நல்லாக் கேட்ட போ! ஒரு சொட்டு ரத்தம் எடுக்க விட்டதில்ல. வேணும்னா இவளைக் கேளு."

"ஊசி இல்லம்மா. சத்து பாட்டில், அந்த மாதிரி?"

அக்கா என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன்.

"அது..." என்றாள் அக்கா. "அதுவும் ஊசியாம்மா?"

அந்தப் பெண் தலையை ஆட்டிவிட்டு, பட்டியைக் கழற்றி வலது பக்கம் மாற்றிக் கட்டினாள். பிறகு வலது கையைப் பார்த்தாள். அழுத்தினால் மூடியது, விட்டால் திறந்தது. வாழ்நாள் முழுக்கக் கத்தி திருகிய கையல்லவா, குழாய் அப்படித் தடித்து ஓடியது. "அடேயப்பா, எவ்வளவு அருமையா இருக்கு! கவலைப்படாதீங்கம்மா, இது போதும்" என்று அந்தப் பெண் மனசாரச் சந்தோஷப்பட்டாள். அக்கா கூரையைப் பார்த்தபடி படுத்திருந்தாள். கண்ணீர் காதுப் பக்கம் வழிந்தது. துடைக்கலாம் என்றால், ஒரு கையில் களிம்பு, ஒரு கையில் பட்டி. நான்தான் துடைத்துவிட்டேன்.

ஆபரேஷன் டாக்டரும் வலது கை என்றுதான் முடிவு செய்தார். கத்தி பிடிக்கலாமா என்று அக்கா கேட்டாள். வீட்டில் காய் நறுக்கலாம், நாள் முழுக்கத் திருகுகிற வேலை கூடாது, சேற்றுத் தண்ணீரில் ஓடு கீறினால் உயிருக்கே ஆபத்து என்றார்.

வாசலுக்கு வந்ததும் எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "ஃபோனைக் குடு. உன் மககிட்ட நாலு வார்த்தை கேக்கறேன். வருஷம் முச்சூடும் பாட்டில் பாட்டில்னு..."

அக்கா என் மணிக்கட்டைப் பிடித்தாள். அந்த வலது கைப் பிடியின் வலி இன்னும் எனக்கு இருக்கிறது.

"பெய்-ரோங் காதுல இது விழக் கூடாது. பிறவியிலேயே மெல்லிசு நரம்புன்னு சொல்லிடலாம்."

"கத்தி போச்சேக்கா!"

"போச்சு. அதுக்கு அவளையும் சாகடிக்கச் சொல்றியா? அவ வந்தா ஃபோனு, சிநேகிதி, தூக்கம். பாட்டில் ஏறுற நேரம் மட்டும்தான்டி என் பக்கத்துல உக்காருவா. இந்தக் கை நகத்துல இருக்கற சேறு எல்லாம் எடுத்து, ஒவ்வொண்ணா வெட்டி விடுவா. எனக்குத் தெம்பு வந்ததே அதுலதான்." வலது கையை விரித்துப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

ஃபோனுக்கு நீட்டிய கையை நான் இறக்கிக்கொண்டேன்.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் பெய்-ரோங் வந்து இறங்கினாள். வந்ததும் வராததுமாக, "அம்மா, மூஞ்சியெல்லாம் வெளுத்துக் கெடக்கு. நாளைக்குத் தெம்பு வேணாமா? வா, ஒரு பாட்டில் ஏத்திக்கிட்டு வந்துடலாம். குவெய் சித்தி, நீங்களும் வாங்க" என்றாள். நானும் கூடப் போனேன். "போகாதேக்கா" என்று வழியில் காதைக் கடித்தேன். "கெட்டுப்போன கைதானே, இன்னும் என்ன கெடப்போகுது" என்று முணுமுணுத்தாள் அக்கா.

கிளினிக்கில் டாக்டர் சாப்பிடப் போயிருந்தார். பழைய நர்ஸ் சூ மட்டும் இருந்தாள். அக்கா படுத்து இடது கையை நீட்டினாள். சூ குத்தினாள், ஏறவில்லை. தட்டித் தடவி வேறு இடத்தில் குத்தினாள், ஏறவில்லை. அக்கா முகத்தைச் சுளிக்கக்கூட இல்லை.

"வலது கையைக் குடுங்க, தாவ் அக்கா."

"அது வேணாம்" என்றாள் பெய்-ரோங். "நாளைக்கு அதுலதான் ஆபரேஷன். இடது கை நரம்பு பிறவியிலேயே மெல்லிசாம்."

"யாரு சொன்னா?" சூவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "கண்ணை மூடிக்கிட்டுக் குத்துவேன், அப்படி இருந்த நரம்பு இது! நீ கூட்டிக்கிட்டு வர்றப்பெல்லாம் நான்தானே ஏத்துவேன். ஏத்தி ஏத்தி இறுகிப்போச்சு, அவ்வளவுதான். பாட்டில் ஏத்துற எல்லாருக்கும் ஆகறதுதானே."

சொல்லிவிட்டுப் பஞ்சு எடுக்க உள்ளே போனாள். பாவி, அவள் மனசில் ஒன்றுமில்லை.

பெய்-ரோங் அம்மாவைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன்.

"அதனாலதான் கத்திக் கையில ஆபரேஷனா?" என்றாள். "அம்மா, நானா? நானேவா?"

"அவ கெடக்கா, கிழவி. ஞாபகம் தப்பிப் பேசறா" என்றாள் அக்கா. பொய் சொல்லத் தெரியாது அவளுக்கு.

பெய்-ரோங் கட்டிலோரமாகத் தரையில் உட்கார்ந்து, வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். சூ திரும்பி வந்து ஒன்றும் புரியாமல் நின்றாள். பாட்டில் வேண்டாம், எடுத்துக்கொண்டு போ என்று நான்தான் அவளை அனுப்பினேன். பெய்-ரோங்கும் எழுந்தாள். வெளியே ஓடப் போகிறாள் என்று எனக்குத் தோன்றியது.

"எங்க போற?" என்றாள் அக்கா. "பாட்டில் ஏறலைன்னா உக்கார மாட்டியா?"

மகள் நின்றாள்.

"உக்காரு. ஏறி முடியற நேரம் எவ்வளவோ அவ்வளவு நேரம் உக்காரு. ஊசி இருக்கும்னு இந்தக் கை நகத்தை நீ வெட்டினதே இல்ல."

ரத்தப் பொட்டு காயாத இடது கையை அப்படியே நீட்டியபடி படுத்திருந்தாள். பெய்-ரோங் கைப்பையைத் துழாவி நகவெட்டியை எடுத்தாள். கண்ணீரில் அவளுக்கு நகமே தெரியவில்லை. "மெதுவா வெட்டு, அவசரமில்ல" என்று அக்கா சொல்லிக்கொண்டே இருந்தாள்.