விசைமேல் இருந்த விரல்

ஃபெபி பயந்த சுபாவக்காரி. நாகர்கோவிலில் நர்சிங் படித்து, சவூதியில் சில வருடம் வேலை பார்த்து, டெக்சஸுக்கு வந்து இத்தனை காலம் ஆன பிறகும் ஃப்ரீவேயில் கார் ஓட்ட மாட்டாள். சர்வீஸ் ரோட்டிலேயே சுற்றிப் போவாள். டாலஸ் பக்கம் ஒரு டயாலிசிஸ் சென்டரில் நர்ஸ். சத்தமாக யாராவது பேசினாலே அந்த இடத்தை விட்டு நகர்ந்துவிடுவாள்.

அப்படிப்பட்டவள் சனிக்கிழமைதோறும், குடியேற்ற அனுமதி இல்லாதவர்களைப் பிடித்து அடைத்துவைக்கும் தடுப்பு முகாமுக்கு எதிரே போய் நிற்க ஆரம்பித்ததற்குக் காரணம் மார்வின். ஹோண்டுராஸ்காரர். வீடுகளுக்குக் கூரை போடுகிறவர். சிறுநீரகம் கெட்டுப்போனவர், வாரம் மூன்று நாள் ரத்தத்தைச் சுத்திகரிக்க அவளிடம் டயாலிசிஸுக்கு வருவார். ஒரு திங்கட்கிழமை அவருடைய நாற்காலி காலியாக இருந்தது. வேலைக்குப் போகும் வழியில் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள் என்று அவர் மனைவி டெல்மி ஃபோனில் அழுதாள். டெல்மிக்கும் பேப்பர் கிடையாது. முகாம் இருக்கும் திசையில்கூட அவளால் போக முடியாது. வெளியே நான்கு பேர் நின்று கேட்டால்தான் உள்ளே ஒழுங்காக டயாலிசிஸ் செய்வார்கள், நீ போய் நிற்பாயா என்று கேட்டாள்.

ஃபெபியின் கணவன் சுபினுக்குப் பிடிக்கவில்லை.

"நம்ம கிட்ட இருக்கிறது க்ரீன் கார்டு, சிட்டிசன்ஷிப் இல்ல. ஃபோட்டோல உன் முகம் வந்தா என்ன ஆகும்னு யோசிச்சியா?"

"யோசிச்சேன். யோசிச்சு யோசிச்சுத்தான் தூக்கமே போச்சு."

ஆனாலும் போனாள். அங்கே நிற்பவர்கள் பெரும்பாலும் சர்ச் பெண்கள். டாம்பரின் என்கிற சின்னக் கைப்பறையைத் தட்டிப் பாடுவார்கள், அட்டைகளைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். மாடி ஜன்னலிலிருந்து உள்ளே இருப்பவர்கள் கை ஆட்டுவார்கள். எந்தக் கை மார்வினுடையது என்று தெரியாது. எல்லாக் கைக்கும் ஃபெபி திருப்பி ஆட்டுவாள். நிற்கும் நேரம் முழுக்க அவள் கார் சாவியைக் கையிலேயே வைத்திருப்பாள்.

வசந்த காலத்தில், குடியேறிகளைப் பிடிக்காதவர்களின் பிக்கப் டிரக்குகள் வர ஆரம்பித்தன. வேகத்தைக் குறைத்து, கெட்ட வார்த்தை சொல்லி, பாட்டில் வீசிவிட்டுப் போவார்கள். ஒரு பாட்டில் பக்கத்தில் நின்ற பெண்ணின் நெற்றியைக் கிழித்தது. போலீஸ் வந்து எழுதிக்கொண்டு போனது. அதோடு சரி.

அடுத்த சனிக்கிழமை ஆலன் வந்தான். அவளுடைய தமிழ் சர்ச்சில் பாடகர் குழுவில் இருக்கும் ஜெயலீலாவின் மகன். எட்டு வயதில் அமெரிக்கா வந்தவன், இப்போது டேட்டா அனலிஸ்ட். முகத்தில் கறுப்புத் துணி, மார்பில் நீளத் துப்பாக்கி. கூட நண்பர்கள் மூன்று பேர், அதே கோலத்தில். கண்ணைப் பார்த்துத்தான் ஃபெபி அவனை அடையாளம் கண்டாள்.

"மக்ளே, இது என்னது?"

"பயப்படாதீங்க ஆன்ட்டி. டெக்சஸ்ல இது லீகல்தான். உங்க எல்லாருக்கும் பாதுகாப்புக்கு வந்திருக்கோம்."

அன்று வந்த டிரக் இவர்களைப் பார்த்ததும் வேகமெடுத்துப் போய்விட்டது. பாட்டில் வரவில்லை. அன்று அவள் கார் சாவியைப் பைக்குள் போட்டுவிட்டு நின்றாள். அதை அவள் சுபினிடம் சொல்லவில்லை.

ஆனால் குழந்தைகளோடு வந்துகொண்டிருந்தவர்கள் வருவதை நிறுத்தினார்கள். கேட்டில் சாய்ந்து நின்று கொட்டாவி விட்டுக்கொண்டிருந்த காவலர்கள் ஹெல்மெட் போட்டு, வண்டிக்குப் பின்னால் துப்பாக்கியோடு நின்றார்கள். ஒரு நாள் ஆலன் தண்ணீர் குடிக்க மரத்தடிக்கு வந்தபோது ஃபெபி கேட்டுவிட்டாள்.

"இதெல்லாம் யார் உனக்குச் சொல்லிக் குடுத்தா?"

"படிக்கிறோம் ஆன்ட்டி. நானும் ஃப்ரெண்ட்ஸும். எத்தனை நாட்டுல ஜனங்க ஆயுதம் எடுத்த பிறகுதான் கவர்ன்மென்ட் பேசவே வந்திருக்கு. கெஞ்சினவங்கள யாரு மதிச்சா? அவங்க கிட்ட கன் இருக்கு, ஜெயில் இருக்கு. நம்ம கிட்ட டாம்பரின்."

"நீ சுடுவியா?"

"சுட வேண்டி வராது. அதுக்குத்தான் இது."

"வராதுன்னா எதுக்கு உள்ள குண்டு போட்டிருக்க?"

அவன் பாட்டிலை மூடினான். "குண்டு இல்லன்னு தெரிஞ்சா யாரும் பயப்பட மாட்டாங்க," என்றான். பாட்டில் வீச்சு நின்றிருந்தது உண்மை.

ஜூலை முதல் வாரம். வெயில் உச்சிக்கு ஏறியிருந்தது. சிவப்பு டிரக் ஒன்று மெதுவாக வந்தது. ஜன்னலிலிருந்து ஒரு கை எதையோ வீசியது. புல்லில் விழுந்து படபடவென்று வெடித்தது. பட்டாசுச் சரம். அது பட்டாசு என்று பிறகுதான் தெரிந்தது. அந்த நொடியில் துப்பாக்கிச் சூடு என்று நினைத்துப் பெண்கள் எல்லாரும் தரையில் விழுந்தார்கள். ஃபெபியால் விழக்கூட முடியவில்லை.

கையெட்டும் தூரத்தில் ஆலன் துப்பாக்கியைத் தோளுக்கு உயர்த்தி டிரக்கைக் குறிபார்த்தான். எதிரே கேட்டில் இருந்த துப்பாக்கிகள் எல்லாம் இவர்கள் பக்கம் திரும்பின. டிரக்கின் பின்சீட்டில் ஒரு சிறுமி காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஃபெபி அவளையும் பார்த்தாள், விசைமேல் இருந்த ஆலனின் விரலையும் பார்த்தாள். அவன் பேரைச் சொல்ல வாய் திறந்தாள். காற்றுதான் வந்தது. அவன் மூச்சு விசில் மாதிரி கேட்டது. டிரக் நகர்ந்தது. விரல் விலகியது. துப்பாக்கி கீழே இறங்கியது. காவலர்கள் கத்தினார்கள். ஆலன் மண்டியிட்டான். அவன் பேன்ட் நனைந்திருந்தது.

நான்கு பேரையும் கைது செய்தார்கள். முகாமுக்கு எதிரே யாரும் நிற்கக்கூடாது என்று உத்தரவு வந்தது. உள்ளே எல்லாரையும் அறைகளில் பூட்டிவைத்தார்கள், பார்வையாளர்களை விடவில்லை. மார்வினிடமிருந்து டெல்மிக்கு ஃபோனே வரவில்லை. ஃபெபி வேலைக்கு நடுவே மனதுக்குள் நாட்களை எண்ணிக்கொண்டிருந்தாள். இன்று அவருக்குக் கால் வீங்கியிருக்கும், இன்று மூச்சு இரைக்கும் என்று அவளுக்குத் தெரியும். கடைசியில் அவர் டெல்மியைக் கூப்பிட்டார், பக்கத்து மாநிலமான லூசியானாவில் ஒரு முகாமுக்கு மாற்றப்பட்டிருந்தார். இரண்டு தடவை டயாலிசிஸ் விட்டுப்போய், மூச்சுத் திணறி, ஆஸ்பத்திரியில் போட்டிருக்கிறார்கள். பட்டாசு வெடித்திராவிட்டாலும் அவரை அங்கே மாற்றியிருப்பார்களா என்று யாருக்கும் தெரியவில்லை.

விசாரிக்க இரண்டு அதிகாரிகள் வீட்டுக்கு வந்தார்கள். "ஒண்ணும் பாக்கலன்னு சொல்லிடு," என்று சமையலறையில் வைத்து சுபின் கெஞ்சினான். ஃபெபி வக்கீலை வரவழைத்து, பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, பார்த்ததைச் சொன்னாள். பட்டாசு டிரக்கிலிருந்து வந்தது. ஆலன் துப்பாக்கியை உயர்த்தினான். யாரும் சொல்லாமல் அவனே இறக்கினான். மூன்று முறை தண்ணீர் கேட்டாள். அவர்கள் போன பிறகு கதவைப் பூட்டி, பூட்டியிருக்கிறதா என்று இரண்டு தடவை இழுத்துப் பார்த்தாள்.

ஜெயலீலா ஃபோன் செய்தாள். "துப்பாக்கிய தூக்கினான்னு ஏன்க்கா சொன்னீங்க? உங்க புள்ளையா இருந்தா சொல்லியிருப்பீங்களா?"

"தெரியல ஜெயா," என்றாள் ஃபெபி. உண்மையிலேயே தெரியவில்லை.

ஆலன் ஜாமீனில் வந்த பிறகு சர்ச் பார்க்கிங்கில் அவளைப் பார்த்தான். மெலிந்திருந்தான்.

"நான் சுட்டிருப்பேன் ஆன்ட்டி. டிரக்ல இருந்த அந்தக் குட்டிய நான் பாக்கவே இல்ல. வக்கீல் சொல்லித்தான் தெரியும்."

"சுடலையே மக்ளே."

"ஏன் சுடலன்னு எனக்கே தெரியல. அதுதான் பயமா இருக்கு." சற்று நிறுத்தினான். "ஆனா பாட்டில் மறுபடி வரும். அப்ப என்ன பண்ணுவீங்க?"

"தெரியாது. உன் துப்பாக்கி பக்கத்துல மட்டும் இனி நிக்க மாட்டேன். அவங்களுக்குப் பயந்ததவிட அன்னைக்கு உனக்குத்தான் ரொம்பப் பயந்தேன்."

அவன் தலையை ஆட்டினான். ஒத்துக்கொண்டானா, கேட்டுக்கொண்டானா என்று அவளுக்குப் புரியவில்லை. வழக்கு இன்னும் நடக்கிறது.

இலையுதிர் காலத்தில் நீதிமன்றம், தள்ளியிருந்த ஒரு காலி மனையில் நிற்க அனுமதி கொடுத்தது. அங்கிருந்து முகாமின் ஜன்னல்கள் தெரியாது. முதல் சனிக்கிழமை வந்தவர்கள் ஃபெபியோடு சேர்த்து ஐந்து பெண்கள். அரை மணி கழித்து ஒரு டிரக் வந்து வேகத்தைக் குறைத்தது. ஃபெபி பக்கத்தில் நின்றவளின் கையைப் பிடித்துக்கொண்டாள். டிரக் நின்றது. கண்ணாடி இறங்கத் தொடங்கியது. ஐந்து பேரும் நகரவில்லை.