சனிக்கிழமை எழுதப்படாத கடிதம்

1989 மார்ச் 11, சனிக்கிழமை. காலை ஏழு மணிக்கு அப்பா நிலவறையில் இருந்த பொதுச் சலவை இயந்திரத்தில் உடுப்புகளைப் போட்டார். எட்டு மணிக்குப் பருப்பு அவிந்தது. கோயிலுக்குப் போகிறோம் என்று ஒன்பது மணிக்குத் தலைக்குத் தோய்ந்தார், என்னையும் தோயவைத்தார். எனக்கு அப்போது பத்து வயது. கோப்பன்ஹேகனில் நாங்கள் இருவர்தான். அம்மாவும் தம்பியும் யாழ்ப்பாணத்தில் இருந்தார்கள். அவர்களை இங்கே அழைக்க அப்பா குடிவரவுக் கந்தோரில் விண்ணப்பித்து ஒன்றரை வருடமாகியும் பதில் இல்லை.

அன்று போனது யூதர்களின் கோயிலுக்கு. அப்பாவுக்கு மாலை வகுப்பில் டேனிஷ் படிப்பித்த ரீச்சர் எங்களை அழைத்திருந்தார். வாசலில் அப்பா குனிந்து சப்பாத்தைக் கழற்றப் போனார். ரீச்சர் சிரித்துத் தடுத்து, ஒரு சின்னத் தொப்பியை நீட்டினார்.

"சப்பாத்து இருக்கட்டாம், இதைத் தலையிலை போடட்டாம்" என்றேன்.

"எல்லாம் தலைகீழாக் கிடக்கு" என்று முணுமுணுத்தாலும், பயபக்தியோடு போட்டுக்கொண்டார்.

ஆண்கள் கீழே, பெண்கள் மேல் மாடத்தில். ரீச்சருக்குப் பக்கத்தில் இருந்து எட்டிப் பார்த்தேன். எல்லோரும் எழும்பிய பிறகு அப்பா எழும்பினார். எல்லோரும் இருந்த பிறகும் கைகூப்பி நின்றார். அம்மாவுக்காகத்தான் கும்பிடுகிறார் என்று தெரிந்தது.

முடிந்ததும் பக்கத்து அறையில் ரொட்டியும் மீனும் தந்தார்கள். அப்பா சட்டைப் பையிலிருந்து தாளையும் பேனையையும் எடுத்தார்.

"பிள்ளை, கேள். அம்மான்ரை விஷயமாக் கந்தோருக்கு ஒரு நல்ல கடிதம் எழுதித் தரச்சொல்லி."

கேட்டேன். ரீச்சர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். இன்று தங்களுக்கு ஓய்வுநாள், பேனையைத் தொடமாட்டோம், இருட்டியதும் இரண்டு பேரும் வீட்டுக்கு வாருங்கள், எத்தனை பக்கமென்றாலும் எழுதித் தருகிறேன் என்று நிதானமாகச் சொன்னார். மேசையைச் சுற்றி இருந்தவர்கள் பார்த்தார்கள். அப்பா பேனையை நீட்டியபடியே நின்றார். எனக்கு வெட்கமாக இருந்தது. கந்தோர், வைத்தியர், கடை என்று அந்தக் கிழமை திங்களிலிருந்தே அவருக்காக நான்தான் கதைத்திருந்தேன்.

"எழுதமாட்டாவாம்" என்றேன்.

"ஏனாம்?"

"ஏலாதாம்."

"சரி, அவவுக்கு என்ன கஷ்டமோ. வா, போவம்."

ரீச்சர் வாசல்வரை வந்து, இருட்டியதும் பார்ப்போம் என்று என்னிடம் சொன்னார். தலையாட்டினேன். அன்றிரவு நாங்கள் போகவில்லை. அதன்பிறகு அப்பா அந்த வகுப்புக்கும் போகவில்லை.

அந்த வருடங்களில் எங்கள் ஆட்களின் விண்ணப்பங்கள் மேலிடத்து உத்தரவால் நகராமல் கிடந்தன என்பது பின்னாளில் நாடறிந்த விஷயம். ரீச்சர் எழுதியிருந்தாலும் அம்மா முந்தி வந்திருக்க மாட்டார். இதைப் பலமுறை எனக்கே சொல்லிப் பார்த்திருக்கிறேன், ஆறுதல் வரவில்லை. இந்த நாட்டில் உதவி கேட்க அப்பாவுக்கு இருந்தது அந்த ஒருவர் மட்டும்தான், அவரையும் ஒரு சொல்லில் இல்லாமலாக்கிவிட்டேன் என்பது அன்று எனக்கு விளங்கவில்லை.

மறுநாள் விடிந்ததும், தேத்தண்ணி போடுவதற்கு முன்பே, அப்பா என்னை மேசையில் இருத்தினார். அவர் தமிழில் சொல்லச் சொல்ல, பள்ளிக்கூடக் கொப்பியில் ஒரு தாளைக் கிழித்து, கோடு தவறாமல், என் மிக அழகான எழுத்தில் அந்தக் கடிதத்தை டேனிஷில் எழுதினேன்.