கித்துள் பாணியும் ஒரு மானும்

ஓர்ஸ் ஹில்லில் நான் மழைக்கு ஒதுங்கிய கொட்டகைக்குள், காலால் மிதித்து ஓட்டும் பழைய அச்சு இயந்திரம் ஒன்று நிற்கிறது. துருப்பிடித்துக் கிடந்ததை வாங்கித் திருத்தியவர் ரெஜினா. முதல் வேலையாகத் தன் கல்யாண அழைப்பிதழையே அதில் அடிக்கப் போகிறார். மை பூசும் உருளை எங்கும் கிடைக்கவில்லையாம். அந்தக் காலத்தவர்களைப் போல வச்சிரப் பசையோடு பாணி சேர்த்துக் காய்ச்சி, தானே வார்த்திருக்கிறார். அதுவும் நல்ல கித்துள் பாணி, கித்துள் மரத்துப் பதநீரைக் காய்ச்சிய இனிப்புப் பாகு.

"ஆறட்டும். மான் வந்தால் கலையுங்கோ," என்று உருளையை வாசலில் வைத்துவிட்டுக் கை கழுவப் போகிறார்.

இந்த ஊரில் மான்கள் தெருமாடுகளைப் போலத் திரிகின்றன. நான் இயந்திரத்தைப் படம் எடுத்துவிட்டுத் திரும்பினால், ஒரு மான் கண்ணை மூடிக்கொண்டு உருளையை நக்குகிறது. விரட்டுகிறேன். இன்னொரு முறை நக்கிவிட்டுத்தான் நகர்கிறது.

ரெஜினா வந்து உருளையில் விழுந்த பள்ளத்தைத் தடவுகிறார். "பரவாயில்லை, அடிச்சுப் பாப்பம்."

முதல் அட்டை வருகிறது. அவர் பெயர் பளிச்சென்று விழுந்திருக்கிறது. திகதியும் மாதா கோயிலும் இருக்கின்றன. மாப்பிள்ளையின் பெயர் வரவேண்டிய இடம் மட்டும் வெள்ளை.

"இந்த மெஷினைப் பழைய இரும்புக்குப் போடச் சொன்னவர் அவர்தான்," என்று சிரித்தபடி கைபேசியை எடுக்கிறார்.

"கார்ட் அடிச்சாச்சு. உங்கட பேர் மட்டும் விழேல்லை. பேர் வேணுமெண்டால் ஒரு போத்தல் பாணியோட வாங்கோ. வந்து நீங்கள்தான் மிதிக்கவேணும்."