அவன் வெட்டிய என் படம்

அலுவலகத்தில் ஒரு வேலை எந்த மேசையிலிருந்து எந்த மேசைக்குப் போகிறது என்று பெட்டியும் அம்புக்குறியும் போட்டு வரைந்து காட்டுவது என் தொழில். வரைகிறவனுக்கு விளங்குவது பார்க்கிறவனுக்கு விளங்காது என்பது அதன் சாபம். இதே தொழிலில் வதங்கியவர்களுக்கு நான் சொல்லப்போவது புதிதாக இருக்காது.

சுவர் நிறைந்த படம்

யுத்த காலத்தில் கண்டி நகரில் ஒரு காப்புறுதிக் கம்பனியில் இருந்தேன். வாகனம் மோதிவிட்டது என்று வாடிக்கையாளர் அறிவிப்பதிலிருந்து அவர் கையில் காசோலை சேரும்வரை முழு வேலையையும் ஒரே படமாக வரைந்தேன். தாள்களை ஒட்ட ஒட்ட அது சுவரையே மறைத்துவிட்டது. பிரிவுத் தலைவர் பதவி அப்போது காலியாக இருந்தது. இந்தப் படம் அதை எனக்கு வாங்கித் தரும் என்று நம்பினேன்.

காசோலை எழுதும் பாத்திமா படத்தின் முன்னால் வெகுநேரம் நின்றாள். எப்படி என்று கேட்டேன்.

"எல்லாம் ஈக்குது சேர். என்ட வேல எங்க ஈக்குதுன்டுதான் தேடுறன்."

கத்தரிக்கோல்

சிவநேசன் யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்து வந்து எங்கள் பிரிவில் சேர்ந்தவன், என்னைவிட இளையவன். அவன் என் படத்தைப் பிரதியெடுத்துத் துண்டுகளாக்கினான். முதல் தாளில் சில பெரிய பெட்டிகள் மட்டும்: அறிவித்தல், சேதம் பார்த்தல், பணம் கொடுத்தல். ஒவ்வொரு பெட்டியின் உள்விவரமும் தனித்தனித் தாளில். பாத்திமா தன் தாளை மட்டும் மேசைக் கண்ணாடிக்குக் கீழே வைத்துக்கொண்டாள். மனேஜர் சிவநேசனின் தோளில் தட்டினார். என் தோளும் பக்கத்தில்தான் இருந்தது.

அவன் வஞ்சகனாக இருந்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். தேநீர் நேரத்தில் அருகில் வந்து உட்கார்ந்தான்.

"அண்ணை, படம் உங்கடதான். நான் வெட்டினது மட்டுந்தான்."

சோதனைச் சாவடி

இருவரும் வத்தேகம கிளைக்கு பஸ்ஸில் போனோம். அவன் அந்தக் கிளைக்குத் தேவையான 'சேதம் பார்த்தல்' தாளை மட்டும் எடுத்து வந்தான். நான் பிடிவாதமாக என் முழுப்படத்தையும் சுருட்டிக் கொண்டுபோனேன்.

வழியில் எல்லோரையும் இறக்கிச் சோதித்தார்கள். சிப்பாய் அவனுடைய ஆங்கிலத் தாளை எழுத்துக்கூட்டி வாசித்தான். வாகனம் நிற்கும் இடம். அம்புக்குறி. சேதத்தின் அளவு. அம்புக்குறி. படம் எடுத்தல். கடைசி அம்புக்குறி: 'தொடர்ச்சி வேறு தாளில்'. அடையாள அட்டையில் யாழ்ப்பாணம். தாக்குதல் திட்டமோ என்று சந்தேகித்து, மிச்சத் தாள்கள் யாரிடம் என்று சிப்பாய் கேட்டான். தட்டுத்தடுமாறிய சிங்களத்தில் சிவநேசன் சொன்னது எடுபடவில்லை. அவனைத் தனியாக நிறுத்தினார்கள். கொண்டுபோனால் எப்போது திரும்புவான் என்று சொல்ல முடியாத காலம் அது.

நான் கண்டியிலேயே, மஹய்யாவையில் பிறந்தவன், சிங்களம் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. என் படத்தை அங்கே நின்ற ஜீப்பின் முன்மூடியிலிருந்து தரைவரை விரித்து, அவனுடைய தாளை அதற்குரிய இடத்தில் வைத்து, மோதிய வான் முதல் காசோலைவரை விரலால் இழுத்துக் காட்டினேன். சிப்பாய்க்கு விளங்கிவிட்டது. அவனை விட்டார்கள். எனக்கு உண்டான சந்தோஷம் அவன் தப்பியதற்கா, என் படம் வென்றதற்கா?

பஸ்ஸில் ஏறியதும் அவன் தன் தாளை என் சுருளுக்குள் செருகினான்.

"துண்டை மட்டும் கொண்டு திரியக் கூடாது அண்ணை. முழுசும் கூட இருக்கோணும்."

பதவி

அதன்பின் அவன் ஒவ்வொரு தாளின் மூலையிலும் முழுப்படத்தைச் சிறிதாகப் போட்டு, இந்தத் துண்டு அதில் எங்கே என்று குறித்தான். தலைமைக் காரியாலயம் வரை பாராட்டு. தலைவர் பதவி அவனுக்கே போனது. அந்த யோசனை சாவடியில் என் படத்திலிருந்து பிறந்தது என்று மனேஜரிடம் சொல்லப் போனேன். அவர் சிரித்தபடி சிங்களத்தில் சொன்னார்:

"அதையும் அவனே சொல்லிவிட்டான், எல்லாம் உங்களிடம் கற்றதாம். அந்தப் பணிவைப் பார்த்துத்தானே பதவியை அவனுக்குக் கொடுத்தோம்."

நல்லவன் ஒருவன்மேல் பொறாமைப்படுவதுதான் எங்கள் தொழிலிலேயே கடினமான வேலை. அதற்குச் சம்பள உயர்வும் கிடையாது.