சுவரில் இருந்த அத்தை பேர்

நேற்று மகன் போனில் செய்தி பார்த்தபடி சொன்னான்: "ஊரையே நாசம் பண்ணின புயலோட பேரை மறுபடி எந்தப் புயலுக்கும் வைக்கமாட்டாங்களாம்மா. லிஸ்ட்லேருந்து எடுத்துடுவாங்களாம்."

ஆய்ந்துகொண்டிருந்த அவரைக்காயை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன். அப்புறம் உட்காரவே முடியவில்லை. அப்படி ஒரு பேரை நானும் எடுத்தவள்.

நான் நாலாவது படித்த வருஷம். மைசூரில் சித்திரை பிறந்தால் சாயங்காலக் காற்றும் மழையும் கூரை ஓடுகளையே தூக்கிப் போடும். அந்த மழைகளுக்கு அண்ணன் பேர் வைக்கத் தொடங்கினான். சொந்தத்தில் யார் குரல் பெரிதோ அவர் பேர். பின்சுவரில் கரியால் எழுதிவைப்பான். அந்த வருஷம் பெரியப்பாவும் மாமாவும் ஏற்கெனவே அடித்து ஓய்ந்திருந்தார்கள்.

அடுத்தது என் முறை. வாய் திறக்கவே கூசுகிற நான், அத்தை பேரைச் சொன்னேன். அப்பாவின் அக்கா. புருஷன் போனபின் எங்களோடு இருந்தாள், பிள்ளை இல்லை. வீட்டில் ஊதுபத்தி உருட்டி, கடைத்தெருவில் கொண்டுபோய்க் கொடுப்பாள். பேசினால் நாலு வீட்டுக்குக் கேட்கும்.

அன்று வந்த காற்றில் எதிர்வீட்டு மரம் சாய்ந்தது. பத்திக் கூடையோடு போன அத்தை திரும்பவில்லை.

"பேரை மாத்துடா அண்ணா."

"வெச்ச பேரை மாத்தக்கூடாது. ரூல்ஸ்."

வாசலுக்கும் பின்சுவருக்கும் ஓடி ஓடிப் பார்த்தேன். பொறுக்கமுடியாமல் ஈரத்துணியால் அந்தப் பேரைத் தேய்த்தேன். கரி அப்பிக்கொண்டதே தவிரப் போகவில்லை.

விளக்கு வைக்கிற நேரத்தில் அத்தை வந்தாள். நெற்றியில் ரத்தம், கூடையில் கரைந்துபோன பத்தி. அண்ணன் உடனே காட்டிக்கொடுத்தான். "மழைக்கு உன் பேரை வெச்சது இவதான் அத்தே!"

"அய்யோ தேவரே, என் பேரா?" கன்னடத்தில் கடவுளைக் கூப்பிட்டபடி, தலையைக்கூடத் துவட்டாமல் பின்பக்கம் போனாள். "எங்கடி?"

"அழிச்சுட்டேன்."

"ஏண்டி அழிச்ச? மரத்தையே சாய்ச்சிருக்கேன். இருந்துட்டுப் போகட்டும், எழுதுடி."

கேலி பேசுகிறாள், அடுத்தது அடிதான் என்று கட்டிலுக்கடியில் புகுந்துகொண்டேன். அந்தப் பேரை இனி எந்த மழைக்கும் வைப்பதில்லை என்று அண்ணனும் நானும் முடிவு செய்தோம்.

எங்கள் குடும்பங்களில் பெரியவர்கள் பேரைப் பேரப்பிள்ளைகளுக்கு வைப்பார்கள். பிள்ளை இல்லாதவள் பேரை வைக்க யாரும் வரமாட்டார்கள் என்பது எனக்கு அப்போது தெரியாது.

பொங்கலுக்கு அத்தைதான் பின்சுவருக்கு வெள்ளையடித்தாள். அந்தக் கரி அப்பிய இடத்தை மட்டும் அடிக்காமல் விட்டிருந்தாள். மறந்துவிட்டாள் என்று நினைத்து, அவள் உள்ளே போனதும் நானே சுண்ணாம்பு மட்டையை எடுத்து அதன்மேலும் அடித்துவிட்டேன்.